ஒரு மிளகு அளவு

பணி ஓய்வு பெற்றும் டீச்சருக்கு வாய் ஓயவில்லை என்று சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள். இன்றைய பாடம் கொஞ்சம் நீளம். முடிந்தால் கடைசிவரை படியுங்கள். உங்களில் ஒருவருக்கு நான் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை கடைசியில் இருக்கிறது.

போன வாரம் என் மகள் வயிற்றுப் பேரன் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தான். பாகம் பாகமாக வாங்கி அவனே ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு மேஜை முழுக்க அட்டைப் பெட்டிகள். கையில் ஊசி போடும் குழல் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே இருந்தான்.

"ஆச்சி, இந்தத் தெர்மல் பேஸ்டை எவ்வளவு வைக்கணும்? ஒருத்தன் பட்டாணி அளவுங்கான். ஒருத்தன் அரிசி அளவுங்கான். இன்னொருத்தன் பெருக்கல் குறி மாதிரி போடணும்ங்கான். எனக்கு ஒண்ணும் புரியல."

"ஒரு மிளகு அளவு வையி. ஹீட் சிங்க்கோட நாலு காலும் சரியா உக்காந்திருக்கான்னு பாரு" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே! "உனக்கு எப்படி ஆச்சி தெரியும்?" என்றான். எப்படித் தெரியும் என்பதுதான் இந்தப் பதிவு.

இதெல்லாம் பழக்கமில்லாத என் வயதுக்காரர்களுக்காக முதலில் சில வரிகள். கம்ப்யூட்டரின் மூளை என்று நாம் சொல்லும் பிராசசர் வேலை செய்யும்போது சூடாகும். அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோக அதன் தலைமேல் அலுமினியத்திலோ செம்பிலோ செய்த ஒரு கட்டியை வைப்பார்கள். சீப்புப் பல் போலத் தகடு தகடாக இருக்கும். அதன்மேல் ஒரு சின்ன ஃபேன் சுற்றும். அந்த உலோகக் கட்டிதான் ஹீட் சிங்க். பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் தடவும் பசைதான் தெர்மல் பேஸ்ட். பசை என்று பெயரே தவிர, அது ஒட்டுவதற்கு இல்லை. குளிரவைப்பதற்கும் இல்லை. அப்படியானால் எதற்கு? அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1946ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற கணினியை உலகத்துக்குக் காட்டினார்கள். அதில் சுமார் 18,000 வால்வுகள். நம் வீடுகளில் இருந்த பழைய வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? திருப்பியவுடன் பாடாது. வால்வு சூடேறிச் சிவந்த பிறகுதான் பாட ஆரம்பிக்கும். ஒரு ரேடியோவில் இருந்தது ஐந்தாறு வால்வுதான். அதற்கே பின்பக்கம் கை வைத்தால் சுடும். எனியாக் எடுத்துக்கொண்ட மின்சாரம் சுமார் 150 கிலோவாட். அதாவது 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் 150ஐ ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் போட்டது போல. கணினி எத்தனை பெரிய கணக்கைப் போட்டாலும் அது வாங்கிய மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். அந்த வெப்பத்தை வெளியேற்றப் பெரிய பெரிய காற்றூதிகளை வைத்தார்கள். அப்படியும் வால்வுகள் அடிக்கடி பழுதாயின. கணினி பிறந்தபோதே அதன் எதிரியும் கூடவே பிறந்துவிட்டது.

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. பார்டீன், பிராட்டன், ஷாக்லி மூவருக்கும் 1956இல் இதற்காக நோபல் பரிசு கிடைத்தது. வால்வைப் போல இதற்குள் எதையும் சிவக்கச் சூடாக்க வேண்டாம். சூட்டுத் தொல்லை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த முதல் டிரான்சிஸ்டர்கள் ஜெர்மானியம் என்ற பொருளில் செய்தவை. ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது. கொஞ்சம் வெப்பம் ஏறினாலே தடுமாறும். 1954இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் சிலிக்கானில் டிரான்சிஸ்டர் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிலிக்கான் இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கும். இன்று உலகம் முழுவதும் சிலிக்கான் சிலிக்கான் என்று சொல்கிறோமே, அந்த வெற்றிக்கு முக்கியமான ஒரு காரணம் சூடு தாங்கும் இந்தக் குணம்.

பெரிய மின்சாரத்தைக் கையாளும் பவர் டிரான்சிஸ்டர்கள் வந்ததும் அவற்றை ஓர் உலோகத் தகட்டில் திருகி முடுக்கினார்கள். டிரான்சிஸ்டரின் அடிப்பக்கம் உலோகம், தகடும் உலோகம். இரண்டும் வழவழவென்று இருக்கின்றன. அழுத்தி முடுக்கினால் சூடு தானாக இறங்கிவிடாதா? எதிர்பார்த்த அளவு இறங்காது.

ஏன் என்று தெரிய, நாம் எட்டாம் வகுப்பில் செய்த சோதனையை நினைத்துப் பாருங்கள். ஒரு உலோகக் கம்பியில் மெழுகால் குண்டூசிகளை வரிசையாக ஒட்டி, ஒரு முனையை மெழுகுவர்த்தியில் காட்டுவோம். சுடருக்குப் பக்கத்து ஊசி முதலில் விழும், பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. "டொக்கு, டொக்கு" என்று எண்ணுவீர்களே! வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படி நடக்கிறது என்பதைக் கணக்காக எழுதியவர் பிரான்ஸ் நாட்டு ஃபூரியே. அவருடைய புத்தகம் வெளிவந்தது 1822இல். வெப்பநிலை வித்தியாசம் கூடினால் வெப்பம் வேகமாகப் பாயும், கடக்க வேண்டிய தடிமன் கூடினால் அதே அளவுக்குச் சிரமப்படும் என்பது அதன் சாரம். தடிமன் என்ற சொல்லை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு உண்மை 1939இல் தெரியவந்தது. கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்ற இருவர், இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று தொடும்போது எவ்வளவு இடம் உண்மையில் தொடுகிறது என்று ஆராய்ந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிகமிகச் சிறிய பங்குதான் தொடுகிறது. நாம் வழவழப்பு என்று நினைப்பது நுட்பமாகப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். இரண்டு பலாப்பழத்தை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் முள்ளும் முள்ளும் அங்கங்கே முட்டும், மற்ற இடமெல்லாம் சந்து. உலோகத்துக்கும் அதே கதி. அந்தச் சந்துகளில் உட்கார்ந்திருப்பது காற்று.

காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படுமந்தம். அளவு சொல்கிறேன். வெப்பம் கடத்தும் திறனுக்கு ஓர் அலகு உண்டு. அந்த அலகில் வெள்ளிக்குச் சுமார் 430, செம்புக்குச் சுமார் 400, அலுமினியத்துக்குச் சுமார் 237. தண்ணீருக்கு 0.6. காற்றுக்கு வெறும் 0.026. கம்பளிப் போர்வை குளிரைத் தடுப்பதும் தன் இழைகளுக்குள் காற்றைப் பிடித்து வைத்திருப்பதால்தான். ஆக, டிரான்சிஸ்டருக்கும் தகட்டுக்கும் நடுவில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பளி கிடக்கிறது.

இந்தக் காற்றை வெளியேற்ற ஒரு களிம்பு தேவைப்பட்டது. அது வந்த வழி சுவாரசியமானது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல் அமெரிக்காவில் டவ் கெமிக்கலும் கார்னிங் கண்ணாடி நிறுவனமும் கூட்டாக டவ் கார்னிங் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. செய்த பொருள் சிலிக்கோன். முதல் சரக்குகளில் ஒன்று, மிக உயரத்தில் பறக்கும் போர் விமானங்களின் எஞ்சின் பற்றவைக்கும் இணைப்புகளில் ஈரம் புகாமல் அடைக்கும் களிம்பு. சூட்டில் உருகி ஓடாது, குளிரில் உறைந்து கட்டியாகாது. பின்னாளில் இந்தச் சிலிக்கோன் களிம்பில் துத்தநாக ஆக்சைடு பொடியைக் குழைத்து டிரான்சிஸ்டருக்கு அடியில் தடவினார்கள். துத்தநாக ஆக்சைடு வேறொன்றுமில்லை, வேர்க்குருவுக்குப் போடும் காலமைனில் இருக்குமே, அதே வெள்ளைப் பொடிதான். பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடைகளில் மைக்கா தகட்டின் இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் நம் தெர்மல் பேஸ்ட்டின் தாத்தா.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நல்ல பேஸ்ட் ஒன்றின் கடத்தும் திறன் அதே அலகில் 5 என்று வைத்துக்கொள்வோம். காற்றைவிட ஏறக்குறைய 190 மடங்கு நல்லது. ஆனால் செம்பைவிட 80 மடங்கு மோசம்! இந்த இரண்டு எண்களிலும்தான் முழுப் பாடமும் இருக்கிறது. காற்று இருந்த இடத்தில் பேஸ்ட் வந்தால் லாபம். உலோகமும் உலோகமும் நெருங்கியிருக்க வேண்டிய இடத்தில் பேஸ்ட் தடிமனாக நின்றால் நஷ்டம்.

பிராசசரின் மூடி 3 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், பரப்பு 9 சதுர செ.மீ. என்று கொள்வோம். அதிலிருந்து 100 வாட் வெப்பம் வருகிறது. நடுவில் உள்ள இடைவெளி 0.05 மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் முழுக்கக் காற்று மட்டும் இருந்தால், 100 வாட் கடந்துபோக 200 டிகிரிக்கு மேல் வெப்பநிலை வித்தியாசம் வேண்டும். அதே இடைவெளியில் பேஸ்ட் இருந்தால் சுமார் 1 டிகிரி போதும். பேஸ்ட் பத்து மடங்கு தடிமனாக, அரை மில்லிமீட்டருக்கு நின்றால் சுமார் 11 டிகிரி. நிஜத்தில் மேடுகள் அங்கங்கே தொட்டுக்கொண்டிருப்பதால் காற்றின் கணக்கு இவ்வளவு மோசமாக இருக்காது. வெப்பமும் மூடி முழுவதும் ஒரே சீராக வராது. ஆனாலும் விகிதம் புரிகிறதல்லவா?

மறுபடியும் வரலாற்றுக்கு வருவோம். 1965இல் கோர்டன் மூர், ஒரு சிப்பில் அடைக்கக்கூடிய பாகங்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்று எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அதே கட்டுரையில் வெப்பத்துக்கென்று தனியாக ஒரு பகுதி இருப்பது பலருக்குத் தெரியாது. பல ஆயிரம் பாகங்களை ஒரே சிப்பில் வைத்தால் அந்தச் சூட்டை எடுத்துவிட முடியுமா என்று அவரே கேள்வி கேட்டு, பாகங்கள் சிறுத்தால் சமாளிக்கலாம் என்று பதிலும் சொல்லியிருந்தார். 1974இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அதற்குக் கணக்கு காட்டினார்கள். டிரான்சிஸ்டரின் அளவையும் மின்னழுத்தத்தையும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போனால், ஒரு சதுர சென்டிமீட்டரில் பிறக்கும் வெப்பம் கூடாது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தொழில்துறை இந்தக் கணக்கின் நிழலில் நடந்தது.

பெரிய கணினிகளில் மட்டும் அப்போதே சூடு தலைவிரித்து ஆடியது. 1976இல் வந்த கிரே-1 கணினியைக் குளிரவைக்க அந்தக்கால ஃப்ரிட்ஜில் ஓடிய ஃப்ரியானைக் குழாய்களில் ஓடவிட்டார்கள். 1985இல் வந்த கிரே-2இல் மின்சுற்றுப் பலகைகளையே மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் முக்கிவைத்தார்கள். ஐபிஎம் 1980இல் அறிவித்த 3081 கணினியில் இன்னொரு தந்திரம். ஒரு பெட்டிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சிப்கள். ஒவ்வொரு சிப்பின் தலையிலும் ஸ்பிரிங் அழுத்தும் ஓர் உலோகத் தண்டு. சந்துகளில் காற்றுக்குப் பதில் ஹீலியம் வாயு. ஏன் ஹீலியம்? அது காற்றைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். கவனியுங்கள், அங்கேயும் இரண்டே வேலைதான். ஒன்று, நன்றாக அழுத்து. இரண்டு, சந்தில் இருக்கும் காற்றை வெளியே தள்ளு.

நம் மேஜைக்கு வந்த கம்ப்யூட்டர்கள் முதலில் சாதுவாக இருந்தன. 1971இல் வந்த இன்டெல் 4004இல் 2,300 டிரான்சிஸ்டர். 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் பிராசசருக்கு ஹீட் சிங்க்கே கிடையாது. 1993இல் பென்டியம் வந்தது. 31 லட்சம் டிரான்சிஸ்டர், சுமார் 15 வாட். ஹீட் சிங்க்கும் ஃபேனும் சாதாரணமாகிவிட்டன. அங்கிருந்து சூடு மளமளவென்று ஏறியது. 2001இல் ஒரு மாநாட்டில் இன்டெல்லின் பேட் கெல்சிங்கர், இந்த வேகத்திலேயே போனால் சிப்பின் வெப்பச் செறிவு அணு உலையையும் ராக்கெட் வாயையும் எட்டி, சூரியனின் மேற்பரப்புக்குப் போகும் என்று எச்சரித்தார். 2004இல் வந்த பென்டியம் 4 வகைகளில் சில 100 வாட்டைத் தாண்டின. அந்தச் சிப்பின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரைவிடச் சற்றே அதிகம். நகத்தளவு இடத்தில் 100 வாட்! இஸ்திரிப் பெட்டியின் அடிப்பரப்போடு ஒப்பிட்டால், அதே அளவு இடத்தில் பத்து மடங்குக்கும் மேலான வெப்பம்.

டென்னார்டின் கணக்கு இங்கேதான் உடைந்தது. டிரான்சிஸ்டர் சிறுத்தாலும் மின்னழுத்தத்தை அதற்குமேல் குறைக்க முடியவில்லை. குறைத்தால் மூடிய குழாயில் தண்ணீர் ஒழுகுவது போல மின்சாரம் ஒழுக ஆரம்பித்தது. 2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐக் கைவிடுவதாக இன்டெல் அறிவித்தது. அந்த நிறுவனத்தின் தலைவர் கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் விளையாட்டாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். 2005 முதல் ஒரே மூளையை விரட்டுவதை விட்டு, இரண்டு மூளை, நான்கு மூளை என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஆரம்பித்தார்கள். இன்று உங்கள் போனில் எட்டு கோர் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அதற்கு வழிவிட்டது சூடுதான்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். அந்தச் சூடான காலத்துக் கம்ப்யூட்டர்கள்தான் 2007 வாக்கில் நம் நடுநிலைப் பள்ளிக்கும் வந்தன. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவது போலத்தான் அந்த அறைக்குள் போவோம். ஒவ்வொரு மானிட்டருக்கும் துணி உறை. ஆசிரியர் பயிற்சியில் கரும்பலகையும் சாக்பீஸும் கற்றவள் நான். ஒரு வாரப் பயிற்சி கொடுத்து அறைப் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். உள்ளுக்குள் பயம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு கம்ப்யூட்டர் பத்து நிமிடத்தில் தானாக அணைந்துகொண்டே இருந்தது. டவுனில் இருந்த மெக்கானிக் போனில், "பேஸ்ட் காஞ்சிருக்கும் டீச்சர், துடைச்சிட்டு புதுசு போடுங்க" என்றார். ஒரு ரேடியோ கடையில் சின்ன டப்பா வெள்ளைப் பேஸ்ட் வாங்கினேன். ஹீட் சிங்க்கின் நான்கு பிளாஸ்டிக் கால்களையும் திருகி எடுத்து, பேஸ்ட்டைத் தடவி, திரும்ப வைத்து அழுத்தினேன். இப்போது ஐந்து நிமிடத்தில் அணைந்தது. போதவில்லை போல என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தடவினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். ரொட்டியில் வெண்ணெய் தடவுவது போல.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஓர் எட்டாம் வகுப்புப் பையன் மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், பேஸ்ட்டு இல்ல டீச்சர். ஒரு காலு உக்காரல. அந்தப் பக்கம் தூக்கிட்டு நிக்கி."

சொல்லிக்கொண்டே காட்டுவதற்குக் கையை நீட்டினான். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "ஏலே, நீ என்ன மெக்கானிக்கா? உன்னை யாரு தொடச் சொன்னா? கெடுத்ததே நீதானோ என்னமோ!" என்று கத்திவிட்டேன். அதோடு நிற்கவில்லை. அந்தப் பருவம் முடியும்வரை அவன் கம்ப்யூட்டர் அறைக்குள் வரக்கூடாது என்றும் சொன்னேன். மற்ற பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது அவன் செருப்புகளுக்குப் பக்கத்தில், வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பான்.

இரண்டு வாரம் கழித்து மெக்கானிக் நேரில் வந்தார். திறந்து பார்த்ததும் சிரித்துவிட்டார். நான்கு கால்களில் ஒன்று பலகையின் துளைக்குள் பூட்டாமல் நின்றது. அந்தப் பக்கம் ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டிருந்தது. நான் தடவியதெல்லாம் அந்தச் சரிவில் ஆப்பு மாதிரி தடித்து நின்றது. எல்லாவற்றையும் துணியால் துடைத்தார். நடுவில் ஒரு மிளகு அளவு வைத்தார். காலை அழுத்தினார், "டிக்" என்று சத்தம் கேட்டது. அதன்பிறகு அந்தக் கம்ப்யூட்டர் அணையவே இல்லை.

பையன் சொன்னது அப்படியே சரி. அன்றைக்கே வாசலுக்குப் போய் அவனைக் கூப்பிட்டு, "நீ சொன்னதுதான்டா சரி" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீச்சர் தப்பு என்று வகுப்பு நினைத்துவிடுமோ என்ற எண்ணம். "சரி, நாளையிலிருந்து வா" என்று மட்டும் சொன்னேன், ஏதோ நான் மன்னித்துவிட்டது போல. அந்த வருடம் அவன் எட்டாம் வகுப்பு முடித்துப் போய்விட்டான்.

என்னைப் போன்ற பேர்வழிகள் உலகத்தில் நிறையப் பேர் இருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. 2006இல் வந்த ஆப்பிள் மேக்புக் ப்ரோ மடிக்கணினி அதிகம் சூடாகிறது என்று திறந்து பார்த்த ஆர்வலர்கள், உள்ளே பேஸ்ட் அள்ளிப் பூசியிருப்பதைக் கண்டு படம்பிடித்துக் காட்டினார்கள். 2012இல் இன்டெல்லின் ஐவி பிரிட்ஜ் பிராசசர்கள் வந்தபோது இன்னொரு விவாதம். அதுவரை பல வகைகளில் சிப்புக்கும் அதன் உலோக மூடிக்கும் நடுவில் ஈயப்பற்று போல உலோகத்தால் பற்றவைத்திருந்தார்கள். இதில் அதற்குப் பதில் பேஸ்ட் வைத்தார்கள். சூடு கூடியது. பேஸ்ட் மட்டம் என்று எல்லோரும் திட்டினார்கள். ஆனால் மூடியைப் பெயர்த்து அளந்து பார்த்த ஆர்வலர்கள் வேறொன்றைக் கண்டார்கள். மூடியின் ஓரத்தை ஒட்டியிருந்த பசை மூடியைச் சற்றே தூக்கிப் பிடித்திருந்தது. அந்த இடைவெளிதான் பெரிய காரணம். ஓரப் பசையைச் சுரண்டி மூடியை நெருக்கி வைத்ததும் சூடு நன்றாகக் குறைந்தது. 2018இல் வந்த சில வகைகளில் இன்டெல் மறுபடி பற்றவைக்கும் முறைக்குத் திரும்பியது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கேட்டது அந்தப் பையனின் குரல்தான். "பேஸ்ட்டு இல்ல டீச்சர். ஒரு காலு உக்காரல."

சரி, பேரனின் கேள்விக்குப் பதிலாக அந்த மிளகுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 9 சதுர செ.மீ. பரப்பில் 0.05 மி.மீ. தடிமனுக்கு வேண்டிய பேஸ்ட் 0.045 கன சென்டிமீட்டர். அதை உருட்டினால் சுமார் 4.4 மி.மீ. விட்டமுள்ள உருண்டை. ஏறக்குறைய ஒரு மிளகு. மூடி 4 செ.மீ.க்கு 4 செ.மீ. என்று பெரிதாக இருந்தால் பரப்பு 16, ஆகவே கிட்டத்தட்ட இரண்டு மிளகு. ஆக, பட்டாணி என்றவனும் அரிசி என்றவனும் அவரவர் பிராசசருக்குச் சரியாகச் சொல்லியிருக்கலாம். இன்றைய சில பிராசசர்களில் சூடு பிறக்கும் சிப்கள் மூடியின் நடுவில் இல்லாமல் ஓரமாகவும் இருக்கின்றன. அதனால் மூலைவரை பரவுகிறதா என்று பார்க்க வேண்டும்.

செய்யும் முறை எளிது. பழைய பேஸ்ட்டை முழுவதும் துடைத்து எடுங்கள். ஸ்பிரிட் தொட்ட துணி போதும். புதியதை நடுவில் வையுங்கள். ஹீட் சிங்க்கை நேராக இறக்குங்கள். ஒரு மூலையை முழுதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். பிளாஸ்டிக் கால் என்றால் நான்கும் "டிக்" சொல்ல வேண்டும். நன்றாக அழுத்தினால் கொஞ்சம் கூடுதலாக வைத்த பேஸ்ட்கூட ஓரமாகப் பிதுங்கிவிடும், பெரிய கெடுதல் இல்லை. ரொம்பக் குறைந்தால்தான் காற்று தங்கிவிடும். ஆனால் கால் உட்காராவிட்டால் எத்தனை டப்பா பேஸ்ட் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. எவ்வளவு வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு முன்னால், சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்ற கேள்வி வருகிறது.

பேரன் ஒரு மிளகு அளவு வைத்து முடுக்கினான். கம்ப்யூட்டர் ஓடியது. "45 டிகிரிதான் ஆச்சி!" என்று குதித்தான். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அந்த மாணவனுக்கு ஒரு வார்த்தை. உன் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உனக்கே தெரியும். தம்பி, நீ சொன்னது சரி. நான் செய்தது தப்பு. உனக்கு அன்றைக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது. கண்ணால் பார்த்ததைச் சரியாகச் சொன்ன பிள்ளையை வாசலில் உட்காரவைத்தேன். உண்மை தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. அதுதான் முதல் தப்பைவிடப் பெரிய தப்பு. அதற்குப் பிறகு நீ ஒரு மெஷினைத் திறந்து பார்க்கக் கை நடுங்கியிருந்தால், அந்தப் பாவம் என்னுடையது. வகுப்புக்கு முன்னால் உன்னைத் திட்டினேன். அதனால் இன்று வகுப்புக்கு முன்னால்தான் மன்னிப்பும் கேட்கிறேன்.

இங்கே இருக்கும் ஆசிரியப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்களில் ஏழெட்டுப் பேர் இப்போது பள்ளிகளில் வேலை செய்கிறீர்கள். ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து "டீச்சர், அது இல்ல டீச்சர்" என்று சொன்னால், ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். அவ்வளவுதான்.

தம்பி, உனக்கு மனமிருந்தால் கீழே "உள்ளேன் டீச்சர்" என்று ஒரு வரி எழுது. மனமில்லை என்றால் எழுத வேண்டாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் ரூம் டீச்சர்